கணினிக் கேள்வி பதில்: மூடப்படும் வாசிப்பானை விட்டு எங்கே குடிபோவது?

பல இணையத்தளங்களின் செய்தியோடைகளை, அதாவது புதிய பதிவுகளைத் தானாக அறிவிக்கும் ஆர்எஸ்எஸ் பட்டியல்களை, ஓரிடத்தில் திரட்டித் தரும் இணைய வாசிப்பான் ஒன்று இம்மாத முடிவுடன் நிறுத்தப்படுவதாக அதன் பாவனையாளர்களுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதையொட்டி வந்த கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதினால் காலம் கடந்துவிடும் என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். ஏனைய கேள்விகளை அனுப்பியவர்கள் ஓர் இதழ் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரே வாசிப்பானைத்தான் பாவித்து வருகிறேன். இலக்கிய வலைப்பதிவுகள், கல்வித் தளங்கள், சமையல், நாளிதழ்கள் என்று 140 தளங்கள் அதில் இருக்கின்றன. ஃபீட்லி, இனோரீடர், தி ஓல்ட் ரீடர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதற்கு மாறுவது நல்லது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: அம்மா, எதற்கு மாறுவது என்பதை அடுத்த கிழமை முடிவு செய்தாலும் குறைவில்லை. ஆனால் இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வாசிப்பானின் அமைப்புகள் பக்கத்துக்குச் சென்று, 'ஏற்றுமதி' என்றோ 'ஓபிஎம்எல்' என்றோ எழுதப்பட்டிருக்கும் இணைப்பைத் தேடி அழுத்துங்கள். சிறியதொரு கோப்பு தரவிறங்கும். அதைக் கணினியில் ஓரிடத்திலும், உங்களுக்கு நீங்களே அனுப்பும் மின்னஞ்சலில் இன்னொரு பிரதியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 140 தளங்களின் பெயர்களும் செய்தியோடை முகவரிகளும், நீங்கள் வகுத்த பிரிவுகளும் அந்த ஒரு கோப்பினுள் அடங்கிவிடும். இதழை மூடிவைத்துவிட்டு இதை முதலில் முடித்துக்கொண்டு மீதியை வாசித்தால் எனக்கு மகிழ்ச்சி.

ஓபிஎம்எல் என்பது 2000ஆம் ஆண்டில் டேவ் வைனரின் யூசர்லாண்ட் நிறுவனத்தில் உருவான எளிய கோப்பு வடிவம். என்னிடம் 2013 ஜூலையில் தரவிறக்கிய ஒன்று இன்னும் இருக்கிறது. 2005 ஒக்டோபரில் தொடங்கிய கூகுளின் வாசிப்பானான கூகுள் ரீடர், மூடப்படும் என்று 2013 மார்ச் 13இல் அறிவிக்கப்பட்டு, ஜூலை 1ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டபோது, பட்டியலை எடுத்துச் செல்ல ஜூலை 15 வரை அவகாசம் தந்தார்கள். நான் கடைசிக் கிழமையில்தான் எடுத்தேன். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒரு தளத்துக்கு ஒரு வரி தெரியும்: தளத்தின் பெயர் தமிழிலேயே இருக்கும், அதனருகே செய்தியோடையின் முகவரி, பிறகு தளத்தின் முகவரி. 'ஈழத்துப் பதிவுகள்' என்று நான் பெயரிட்டிருந்த பிரிவில் 31 வரிகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு நான் மாறிச் சென்ற வாசிப்பான்கள் அனைத்தும் அந்தக் கோப்பை ஏற்றுக்கொண்டன. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், வாசிப்பான் வாடகை வீடுதான் என்பதும், பட்டியல் கையில் இருந்தால் வீடு மாறுவது ஒரு பிற்பகல் வேலை என்பதும் நம்மில் பலருக்குக் கடைசி நாளில்தான் தெரியவருகிறது என்பதே.

இனி, எங்கே போவது. உங்கள் 140 என்ற எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. இனோரீடரின் இலவசக் கணக்கில் 150 செய்தியோடைகள் வரை சேர்க்கலாம். ஃபீட்லியிலும் தி ஓல்ட் ரீடரிலும் இலவச எல்லை 100. ஃபீட்லியில் பிரிவுகளும் மூன்றுதான். நியூஸ்புளர் என்ற இன்னொரு வாசிப்பானில் 64. ஆகவே, காசு கட்டாமல் பட்டியலை வெட்டாமல் அப்படியே கொண்டுபோக வேண்டுமானால் இனோரீடர்தான் உங்களுக்கு ஏற்றது. பல்கேரியத் தலைநகர் சோபியாவில் இயங்கும் இந்தச் சேவை 2013இல் தொடங்கியது. திரையில் கருவிகள் சற்று அதிகம். முதல் இரண்டு நாள் கண் தடுமாறும். இடதுபுறத்தில் உங்கள் பிரிவுகள், நடுவில் தலைப்புகள் என்ற பழைய ஒழுங்கு பிடிபட்டவுடன் பழகிவிடும்.

ஃபீட்லியைப் பற்றிப் பலர் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூகுள் ரீடர் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் 5 இலட்சம் பேர் அங்கே சேர்ந்ததாக அந்நிறுவனமே அப்போது அறிவித்தது. கைத்தொலைபேசியில் வாசிக்க அழகான சேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அண்மைய ஆண்டுகளில் அதன் கவனம் நிறுவனங்களுக்கான இணையப் பாதுகாப்புத் தகவல் சேவைகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. வீட்டில் இருந்து நாலு வலைப்பதிவு வாசிப்பவருக்கு அந்தக் கருவிகளால் பயனில்லை.

தி ஓல்ட் ரீடர் 2012இல், பழைய கூகுள் ரீடரின் அமைப்பைப் பின்பற்றி உருவாக்கப்பட்டது. எளிமை வேண்டுவோருக்குப் பிடிக்கும். 2013 ஜூலை இறுதியில், புதிதாக வந்து குவிந்தவர்களின் சுமை தாங்காமல் பொதுச் சேவையை மூடப்போவதாக அதை நடத்தியவர்கள் அறிவித்து, பின்னர் வேறொரு குழு பொறுப்பேற்றதனால் அது தப்பியது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இலவசச் சேவை ஒன்றில் ஆயிரமாயிரம் பேர் ஒரே நாளில் வந்து ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

காசு கட்டத் தயாரென்றால் என் தெரிவு மாறும். நியூஸ்புளர் 2009 முதல் சாமுவேல் கிளே என்பவர் உருவாக்கி நடத்தி வரும் சேவை, ஆண்டுக்கு 36 டொலர். ஃபீட்பின் 2013 முதல் நடக்கிறது, மாதம் 5 டொலர், இலவசக் கணக்கு இல்லை. இரண்டும் சந்தாதாரரின் பணத்தில் நிற்பவை. 2013இல் கூகுள் ரீடரின் இடத்தைப் பிடிக்க வந்த டிக் ரீடரும் ஏஓஎல் ரீடரும் பெரிய பெயர்களின் கீழ் இலவசமாகவே நடந்தன. இரண்டும் 2018ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் மூடப்பட்டன. இந்த ஒப்பீடு என்னைச் சந்தாப் பக்கம் சாய்க்கிறது. எனினும் டொலர் விலை ரூபாவில் எவ்வளவு வருகிறது, வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உங்கள் வங்கி எவ்வளவு மேலதிகமாக எடுக்கிறது என்பதைக் கேட்டறிந்த பின்பே அட்டை விவரத்தைக் கொடுங்கள். விலைகளும் எல்லைகளும் அவ்வப்போது மாற்றப்படுபவை ஆதலால், சேரும் நாளில் அந்தந்தத் தளத்தின் கட்டணப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று. 140இல் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று மாறிய பிறகு பாருங்கள். என் பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பல ஆண்டுகளாக ஒரு வரியும் எழுதாத தளங்கள். அவற்றைக் களைந்தபோது 100 என்ற எல்லையே எனக்குப் போதுமாக இருந்தது.

கேள்வி: நான் உயர்தர மாணவன். கடனட்டை இல்லை, கைத்தொலைபேசி மட்டுமே இருக்கிறது. கணக்கு ஒன்றும் திறக்காமல், எல்லையும் இல்லாமல், முற்றிலும் இலவசமாகச் செய்தியோடை வாசிக்க வழியுண்டா?
— மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு தம்பி. அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிக்கு 'ஃபீடர்' என்ற திறந்த மூலச் செயலியும், ஐபோனுக்கு 'நெட்நியூஸ்வயர்' என்ற செயலியும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் கணினி இருந்தால் மின்னஞ்சலுக்குப் பயன்படும் தண்டர்பேர்டிலேயே செய்தியோடைகளையும் சேர்க்கலாம். இவற்றில் 100, 150 என்ற எல்லை இல்லை. ஏனென்றால் வேறொருவரின் வழங்கி (எந்நேரமும் இணையத்தில் இயங்கும் சேவைக் கணினி) உனக்காக உழைப்பதில்லை, உன் கருவியே நேரில் போய் ஒவ்வொரு தளத்தையும் கேட்டு வருகிறது.

அந்த வேறுபாட்டிலேயே குறையும் இருக்கிறது. ஒரு செய்தியோடையில் தளத்தின் கட்டுரைகள் எல்லாம் இருப்பதில்லை. கடைசியாக வந்த சிலவே இருக்கும். வேர்ட்பிரஸ் தளங்களில் வழக்கமாக 10, புளொகர் தளங்களில் 25, யூடியூப் அலைவரிசைகளில் 15. ஒரு நாளிதழின் ஓடையில் 10 செய்திகளுக்கே இடமிருக்க, அவர்கள் நாளொன்றுக்கு 60 செய்தி ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள். உன் தொலைபேசி இரவு முழுவதும் அணைந்திருந்தால், காலையில் கடைசிப் பத்து மட்டுமே வந்து சேரும். முன்னவை ஓடிப் போயிருக்கும். இணைய வாசிப்பானின் வழங்கி இரவு பகலாகக் கேட்டுச் சேமித்துக்கொண்டே இருப்பதால் அந்த இழப்பு அங்கே ஏற்படுவதில்லை. ஆகவே மாதத்துக்கு இரண்டு பதிவு எழுதும் வலைப்பதிவர்களைத் தொடர்வதற்குச் செயலி போதும். நாளிதழ்களுக்கு இனோரீடரிலோ ஃபீட்லியிலோ இலவசக் கணக்கொன்று திறந்துகொள். அதற்குக் கடனட்டை தேவையில்லை, மின்னஞ்சல் முகவரி போதும்.

செயலியை மட்டும் நம்புவதாக இருந்தால், தொலைபேசி தொலைந்தால் பட்டியலும் தொலையும். மாதம் ஒருமுறை ஓபிஎம்எல் கோப்பை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டுவை.

கேள்வி: மொறட்டுவையிலிருந்து கோட்டைக்குத் தினமும் ரயிலில் போகிறேன். வழியில் சமிக்ஞை விட்டுவிட்டு வருகிறது, டேட்டாவும் வீணாகிறது. முன்கூட்டியே இறக்கி வைத்து வாசிக்க முடியுமா?
— அலுவலக ஊழியர், மொறட்டுவை

பதில்: முடியும். மேலே சொன்ன ஃபீடர் செயலியில், வைஃபை இருக்கும்போது மட்டும் புதுப்பிக்குமாறு அமைக்கலாம். கட்டுரையின் முழு உரையையும் முன்கூட்டியே எடுத்து வைக்கவும் சொல்லலாம். வீட்டில் தேநீர் குடித்து முடிவதற்குள் அன்றைய வாசிப்பு தொலைபேசிக்குள் வந்துவிடும். பிறகு கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போது இணைப்பு அறுந்தாலும் கட்டுரை அறாது. படங்கள் வராமல் போகலாம், எழுத்து வரும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது தளங்கள் தரும் ஓடையின் தன்மை. வலைப்பதிவர்களில் பெரும்பாலோர் முழுக் கட்டுரையையும் ஓடையில் தருகிறார்கள். செய்தித் தளங்கள் பலவும் இரண்டு வரியை மட்டும் தந்துவிட்டு, மீதிக்குத் தளத்துக்கு வாருங்கள் என்கின்றன. அவர்களுக்கு விளம்பர வருமானம் வேண்டும் என்பது நியாயம்தான். ரயிலில் இருப்பவருக்கு அந்த இரண்டு வரியால் பயனில்லை என்பதும் உண்மை. இனோரீடர், நியூஸ்புளர், ஃபீட்பின் மூன்றிலும் தளத்திலிருந்து முழு உரையை எடுத்துக் காட்டும் வசதி இருக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் நெட்நியூஸ்வயரை ஃபீட்லி, இனோரீடர், ஃபீட்பின், நியூஸ்புளர், தி ஓல்ட் ரீடர் ஆகியவற்றுள் ஏதாவதொரு கணக்குடன் இணைத்துக்கொள்ளலாம். அலுவலகக் கணினியில் வாசித்து முடித்தது தொலைபேசியிலும் வாசித்ததாகவே காட்டப்படும்.

கேள்வி: முன்பெல்லாம் தளங்களில் செம்மஞ்சள் நிறச் சின்னம் இருக்கும். இப்போது காணவில்லை. செய்தியோடை வழக்கொழிந்துவிட்டதா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: சின்னம்தான் மறைந்தது, ஓடை மறையவில்லை. 2018 டிசெம்பரில் வெளிவந்த ஃபயர்பொக்ஸ் 64ஆம் பதிப்புடன் அந்த உலாவி செய்தியோடைகளைக் காட்டுவதை நிறுத்திக்கொண்டது. தளங்களை வடிவமைப்பவர்களும் சின்னத்தை நீக்கிவிட்டார்கள். ஆனால் வேர்ட்பிரஸில் இயங்கும் தளம் எதுவாயினும், முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடிட்டு 'ஃபீட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பாருங்கள். ஓடை பெரும்பாலும் திறக்கும். அதுவும் தேவைப்படாது. தளத்தின் சாதாரண முகவரியை வாசிப்பானின் 'சேர்' பெட்டியில் ஒட்டினால், ஓடையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். புளொகர் வலைப்பதிவுகளும் யூடியூப் அலைவரிசைகளும் இவ்வாறே சேரும். தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்கள் பக்கத்துக்குக்கூட ஓடை இருக்கிறது. முகநூல் பக்கங்களுக்கு இல்லை. நம்மவர் பலர் வலைப்பதிவை விட்டுவிட்டு முகநூலில் மட்டும் எழுதுவது எனக்கு வருத்தம் தரும் விடயம். நல்ல கட்டுரை ஒன்று மூன்று நாளில் கீழே புதைந்து போகிறது.

கேள்வி: பழைய தமிழ்த் தளங்கள் சில புதிய வாசிப்பானில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. தேடலிலும் தமிழ்ச் சொற்கள் சரியாக அகப்படுவதில்லை. இது வாசிப்பானின் கோளாறா?
— வாசகி, தெஹிவளை

பதில்: முதலாவது வாசிப்பானின் கோளாறு அன்று. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவுவதற்கு முன் நம் நாட்டில் பாமினி எழுத்துரு கோலோச்சியது. அதில் 'தமிழ்' என்று எழுதினால் கணினி சேமித்து வைப்பது நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அந்த எழுத்துரு இருக்கும் இடத்தில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். வாசிப்பான் தன் சொந்த எழுத்துருவில் காட்டுவதால் வேடம் கலைந்துவிடுகிறது. அத்தகைய கட்டுரையைப் பிரதி செய்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றிகளில் ஒட்டினால் வாசிக்கலாம். எந்த வாசிப்பானுக்கு மாறினாலும் இது தீராது.

இரண்டாவது, நம் மொழியின் இயல்பால் வருவது. 'கொழும்பு' என்று தேடினால் 'கொழும்பில்', 'கொழும்பிலிருந்து' ஆகியவை சாதாரணத் தேடலில் அகப்படா. ஏனெனில் 'பு' என்பது அங்கே 'பி' ஆகிவிடுகிறது, கணினிக்கு அது வேறு எழுத்து வரிசை. வடிகட்டி அமைக்கும்போது 'கொழும்ப' என்று அகரத்துடன் நிறுத்திக் கொடுத்துப் பாருங்கள். சொல்லின் பகுதியையும் பொருத்திப் பார்க்கும் வாசிப்பானாக இருந்தால், கொழும்பும் கொழும்பிலும் கொழும்பைப் பற்றியும் எல்லாம் வந்து விழும். 'மலையகம்' என்பதற்கு 'மலையக' என்று கொடுங்கள். 'மலையகத்தில்' என்பதும் அகப்படும். சந்தா கட்டுமுன் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. தமிழில் வாசிப்பவருக்கு, விளம்பரத்தில் சொல்லப்படும் பல வசதிகளைவிட இதுவே பெரிய வேறுபாடு.

கேள்வி: எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்குச் சொந்த வழங்கி இடம் இருக்கிறது. அதில் நாங்களே ஒரு வாசிப்பானை நிறுவ முடியுமா?
— வாசகர், பொரளை

பதில்: முடியும். ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற திறந்த மூல மென்பொருள் சாதாரண பிஎச்பி வழங்கியிலேயே இயங்கும். பலருக்குத் தனித்தனிக் கணக்கும் திறக்கலாம். ஆனால் அதை இற்றைப்படுத்தவும் காப்புப் பிரதி எடுக்கவும் சங்கத்தில் ஒருவர் நிரந்தரமாகப் பொறுப்பேற்க வேண்டும். அப்படியொருவர் இல்லையெனில் இதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: அப்பா சென்ற ஆண்டு காலமானார். மூடப்படும் வாசிப்பானில் அவருடைய கணக்கு வீட்டுக் கணினியில் இன்னும் திறந்தபடியே இருக்கிறது. அவர் நட்சத்திரமிட்டு வைத்த கட்டுரைகள் ஏறத்தாழ 300 இருக்கும். அவற்றை எழுதிய சில வலைப்பதிவுகள் இப்போது இணையத்திலேயே இல்லை. பட்டியலை ஏற்றுமதி செய்தால் இவையும் கூடவே வருமா?
— மகள், வத்தளை

பதில்: வராது. ஓபிஎம்எல் கோப்பில் முகவரிகள் மட்டுமே இருக்கும், கட்டுரைகள் இருக்கா. புதிய வாசிப்பானில் அந்த முகவரிகளை ஏற்றினால், உயிரோடு இருக்கும் வலைப்பதிவுகளின் கடைசிப் பத்தோ இருபத்தைந்தோ கட்டுரைகள் வரும்; அழிந்துபோன வலைப்பதிவுகளிலிருந்து ஒன்றும் வராது. அப்பா நட்சத்திரமிட்ட கட்டுரைகளின் பிரதி, மூடப்படவிருக்கும் அந்தச் சேவையின் வழங்கியில்தான் இருக்கிறது. சில கட்டுரைகளுக்கு உலகில் எஞ்சியிருப்பது அந்தப் பிரதி ஒன்றாகவே இருக்கவும் கூடும். ஆகையால் உங்கள் கடிதத்தை மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானதாகக் கருதுகிறேன்.

முதலில், கணக்கிலிருந்து வெளியேறிவிடாதீர்கள். உலாவியின் நினைவகத்தைத் துடைக்கவும் வேண்டாம். கடவுச்சொல் தெரியாவிட்டால் மீண்டும் உள்நுழைய வழியிருக்காது. அடுத்து, ஏற்றுமதிப் பக்கத்தில் பட்டியலைத் தவிர 'நட்சத்திரமிட்டவை' என்று தனியே ஒரு கோப்பு தருகிறார்களா என்று பாருங்கள். கூகுள் ரீடர் மூடப்பட்டபோது அப்படியொரு கோப்பைத் தனியாகத் தந்தார்கள். பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

அப்படியொரு கோப்பு இல்லையென்றால் கையால்தான் செய்ய வேண்டும். நட்சத்திரமிட்ட கட்டுரை ஒவ்வொன்றின் தலைப்பையும் அழுத்தி, மூலத் தளம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காதவற்றை முதலில் எடுங்கள்: வாசிப்பானுக்குள் கட்டுரையை முழுதாக விரித்து, உலாவியின் அச்சிடும் கட்டளையில் அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பிடிஎஃப் என்பதைத் தெரிவு செய்து சேமியுங்கள். கோப்பின் பெயரில் திகதி, வலைப்பதிவின் பெயர், கட்டுரைத் தலைப்பு என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால் பின்னர் தேட எளிது. படங்கள் மூலத் தளத்தில் இருந்தவையாதலால் காணாமல் போயிருக்கலாம். அத்தகைய கட்டுரையின் மூல முகவரியைப் பிரதி செய்து, இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் 'வேபேக் மெஷின்' தளத்தில் இட்டுப் பாருங்கள். பழைய வலைப்பதிவுகளின் பக்கங்கள் படங்களுடன் அங்கே அகப்படுவதுண்டு. நாளொன்றுக்கு 20 கட்டுரை என்று வைத்தால் 300க்கு 15 நாள் போதும். மூலத் தளத்தில் இன்னும் இருப்பவற்றைக் கடைசிக்கு விடுங்கள்; அவற்றைச் சேவை நின்ற பிறகும் எடுக்கலாம், அவற்றின் முகவரிகளை மட்டும் இப்போதே ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருந்தால்.